திரியை மாற்றுவதா, மெழுகை மாற்றுவதா? ஜாரின் அடிவரை எரித்துப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 200 மி.லி. கண்ணாடி ஜாரில் சோயா மெழுகு ஊற்றி, மல்லிகை வாசனை எண்ணெய் கலந்து, 12 மெழுகுவர்த்திகள் செய்திருக்கிறீர்கள். மெல்லிய திரி போட்டவற்றில் நடுவில் மட்டும் குழி விழுகிறது, ஓரத்து மெழுகு சுவர் மாதிரி நிற்கிறது. தடித்த திரி போட்டவற்றில் புகை கிளம்பி கண்ணாடி கறுக்கிறது. இரண்டிலுமே பற்றவைத்தால் வாசனை தெரியவில்லை. தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். திரியை மாற்றுவதா, மெழுகை மாற்றுவதா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். உங்கள் பன்னிரண்டிலும் திரி ஒரு மாதிரி, ஆறிய நாள் ஒரு மாதிரி, எண்ணெய் அளவு ஏறத்தாழ என்று இருக்கிறது. அதனால் எது எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. "இந்த ஜாருக்கு எந்தத் திரி?" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்வார், இணையத்தில் ஓர் அட்டவணை கிடைக்கும். அவை தொடங்கும் இடத்தைத்தான் காட்டும். ஜாரின் உள்விட்டம், மெழுகு, எண்ணெயின் வகை, எண்ணெயின் அளவு, நிறப்பொடி, அறையின் சூடு எல்லாம் சேர்ந்துதான் திரியைத் தீர்மானிக்கின்றன. மல்லிகைக்குச் சரியாக எரிந்த திரி, அதே ஜாரில் அதே மெழுகில் சந்தனத்துக்குத் திணறும். நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதலில் திரி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அகல்விளக்கில் எண்ணெய் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது, திரி அதை உறிஞ்சி மேலே அனுப்பினால் போதும். மெழுகுவர்த்தியில் சுடர் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே உருக்கிக்கொள்ள வேண்டும். சுடரின் சூட்டில் சுற்றியுள்ள மெழுகு உருகிக் குளம் போல நிற்கிறது. திரி அதை உறிஞ்சுகிறது, நுனியில் அது ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. திரி சிறிதாக இருந்தால் குளம் ஓரத்தைத் தொடாது. சுடர் நேராகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் தன் குளத்திலேயே மூழ்கி அணையும். திரி பெரிதாக இருந்தால் எரிக்க முடிந்ததைவிட அதிக மெழுகு மேலே வரும். எரியாத கார்பன் புகையாகிறது, அல்லது திரி நுனியில் காளான் மாதிரிக் கரிமொட்டு கட்டுகிறது. உங்கள் இரண்டு கோளாறுகளும் இந்த இரண்டு முனைகளில் நிற்கின்றன. உங்களுக்கு வேண்டிய திரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பூஜைக் கடையில் விற்கும் பஞ்சுத் திரியையோ முறுக்கிய நூல் திரியையோ போட்டிருந்தால் அதை இத்தோடு விட்டுவிடுங்கள். முறுக்கிய திரி நேராக நின்று கரிந்துகொண்டே நீளும், அடிக்கடி வெட்டிவிட வேண்டும். 1825இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். சடை மாதிரிப் பின்னியதால் எரியும்போது நுனி வளைந்து சுடரின் வெளி விளிம்புக்குப் போகிறது. அங்கே சூடும் காற்றும் அதிகம், அதனால் நுனி தானே சாம்பலாகிவிடுகிறது. தூண்டிவிட ஆள் தேவைப்படாத திரி. இன்று ஜார் மெழுகுவர்த்திக்கு விற்கும் நல்ல திரிகள் பெரும்பாலும் இந்தப் பின்னல் வகைதான். சிடி, ஈக்கோ, எச்டிபி என்று வரிசைப் பெயரும் எண்ணும் போட்டு விற்பார்கள், எண் கூடக்கூடத் திரி பெரிது. பருத்தியோடு காகித இழை சேர்த்த சிடி, ஈக்கோ வகைகள் சோயாவுக்கு நன்றாகப் பொருந்தும். வரிசை எண்ணே இல்லாமல் "6 இன்ச் காட்டன் விக்" என்று மட்டும் எழுதிய பாக்கெட் மலிவாகக் கிடைக்கும். அதை வைத்துச் சோதித்துப் பயனில்லை, அடுத்த பாக்கெட்டில் அதே தடிமன் வரும் என்று உறுதி இல்லையே.

மெழுகுக்கு வருவோம். சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய், வனஸ்பதி செய்கிற அதே வழிதான். ஜாருக்கென்று விற்கும் வகைகள் பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரிக்குள் உருகும். மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது போல வருகிறதே, அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. நெய் உறையும்போது மணல் மணலாக வருவதைப் போலக் கொழுப்பு படிகமாகிறது, அவ்வளவுதான். எரிவதையோ மணத்தையோ அது பாதிக்காது. அதற்காக மெழுகை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், தேவையில்லாத செலவு.

பாரஃபின் பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கிடைப்பது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் ஆலையிலும் அசாமின் திக்பாய் ஆலையிலும் எடுக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் கட்டியாகக் கிடைப்பது 58–60 டிகிரியில் உருகும் கடின வகை, நிற்கும் மெழுகுவர்த்திக்கு ஏற்றது. அதைத் தனியாக ஜாரில் ஊற்றினால் ஆறும்போது சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகும், நடுவில் பள்ளம் விழும், குளமும் சின்னதாகத்தான் வரும். ஜாருக்கென்றே மென்மையான பாரஃபின் கலவைகள் தனியாக உண்டு. வாசனையை வீசுவதில் பாரஃபின் பொதுவாக சோயாவைவிட முந்தும் என்பது என் அனுபவம், மறைக்க வேண்டியதில்லை. எழுபதுக்கு முப்பது என்று சோயாவோடு கலந்து செய்பவர்கள் நிறைய. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், தனக்கென்று ஒரு மணமும் உண்டு. மல்லிகையோடு அது சேராது. ஜெல் மெழுகைப் புதிதாகச் செய்பவர்கள் தொட வேண்டாம். அதற்கு ஒத்துப்போகாத எண்ணெய் சேர்ந்தால் மேற்பரப்பே தீப்பற்றும் அபாயம் இருக்கிறது.

இப்போது வாசனை. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் சந்தேகம் தருவது இதுதான். "மல்லிகை எண்ணெய்" எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ரூம் ஃப்ரெஷ்னருக்கும் டிஃப்யூசருக்கும் விற்கும் எண்ணெய்களில் பல, தண்ணீரில் கரையும் கிளைகால் என்ற திரவம் கலந்து நீர்த்தவை. கிளைகால் மெழுகோடு சேராது. ஊற்றும்போது கலந்த மாதிரி தெரியும், ஆறும்போது பிரிந்து அடியில் தங்கும். எரியும்போது திரி படபடவென்று வெடிக்கும், மணமும் வராது. ஒரு தம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். எண்ணெயாகத் தனித்து நின்றால் நல்லது. தண்ணீரோடு கலந்து கலங்கிப் போனால் அது மெழுகுக்கு ஆகாது. ஸ்பிரிட் கலந்த சென்ட்டை மெழுகில் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். விற்பவரிடம் இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) விதிப்படியான சான்றிதழ் கேளுங்கள். அதில் மெழுகுவர்த்திகள் 12ஆம் வகையில் வரும், அந்த வரியில் எவ்வளவு சதவீதம் வரை சேர்க்கலாம் என்று இருக்கும்.

அளவை மி.லி.யில் எடுக்காதீர்கள், எடை போடுங்கள். எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தி மாறும். உங்கள் ஜாரில் மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றினால் ஏறத்தாழ 150 கிராம் பிடிக்கும். மெழுகின் எடையில் 8 சதவீதம் என்று வைத்தால் 139 கிராம் மெழுகு, 11 கிராம் எண்ணெய். வாசனை போதவில்லை என்றதும் எல்லோரும் எண்ணெயைத்தான் கூட்டுகிறார்கள். 10 சதவீதத்தைத் தாண்டும்போது பல மெழுகுகள் எண்ணெயைப் பிடித்து வைக்க முடியாமல் வியர்க்கத் தொடங்கும். கனமான எண்ணெய் திரியின் இழைகளை அடைக்கும், சுடர் சிறுக்கும், குளம் சிறுக்கும், குளம் சிறுத்தால் மணமும் குறையும். எண்ணெயைக் கூட்டியதால் வாசனை குறைந்துவிட்டது என்பதை நம்ப மறுப்பவர்களுக்கு நான் இரண்டு ஜாரையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன். எரியும்போது வரும் மணம் பெரும்பாலும் அந்தக் குளத்தின் பரப்பிலிருந்து எழும் ஆவிதான். ஆகவே உங்கள் மெல்லிய திரி ஜாரில் மணம் வராததற்குக் குழி விழுந்ததே முக்கியமான காரணமாக இருக்கலாம், எண்ணெயைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைச் சரிசெய்து பாருங்கள்.

சோயாவை 80–85 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, எண்ணெய் ஊற்றி, குறைந்தது இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். எண்ணெயின் ஃப்ளாஷ் பாயின்ட்டைத் தாண்டிய சூட்டில் கலந்தால் வாசனை எரிந்து போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஃப்ளாஷ் பாயின்ட் என்பது அருகில் நெருப்பு இருந்தால் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு, வாசனை பறந்துபோகும் அளவுகோல் அது இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கலந்தால் போதும். 55–60 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுங்கள்.

ஊற்றிய மறுநாளே பற்றவைத்துப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். சோயாவுக்கு மூடி போட்டு இரண்டு வாரம் தர வேண்டும். இதைத்தான் க்யூரிங் என்கிறோம். மெழுகு மெதுவாக இறுகி எண்ணெயைத் தன்னுள் பிடித்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். பாரஃபினுக்கு மூன்று, நான்கு நாள் போதும். மறுநாள் எரித்து "மணமில்லை" என்று எழுதிய குறிப்பை நீங்கள் கிழித்துப் போடலாம்.

சரி, சோதனையை எப்படிச் செய்வது? ஸ்கேலை ஜாருக்குள் வைத்து, மெழுகு நிற்கும் இடத்தில் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வெளியே அளந்தால் கண்ணாடித் தடிமனும் சேர்ந்துவிடும். உங்கள் ஜார் 6.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான் என்றால் சிடி 8, 10, 12 என்று மூன்று திரிகளை எடுப்பேன், ஈக்கோ கிடைத்தால் 6, 8, 10. ஒரே பாத்திரத்தில் உருக்கி, ஒரே எண்ணெய் ஒரே சதவீதம் கலந்து, ஒரே சூட்டில் மூன்று ஜாரிலும் ஊற்றுங்கள். நான்காவதாக ஒரு ஜாரில், நடுத் திரியோடு, எண்ணெயே இல்லாத வெறும் மெழுகை ஊற்றி வையுங்கள். மற்றவை திணறும்போது இது நன்றாக எரிந்தால் எண்ணெய்தான் திரியை அடைக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இதுவும் திணறினால் கோளாறு திரியிலோ மெழுகிலோ. இந்த நான்காவது ஜாரைப் பெரும்பாலோர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

நிறம் இப்போது சேர்க்காதீர்கள். குழந்தைகளின் க்ரேயானை உருக்கிப் போடுவதும் மைகாப் பொடி தூவுவதும் திரியை அடைக்கும், கரையாத துகள்கள் அவை. திரி முடிவான பிறகு மெழுகில் கரையும் சாயம் சேர்த்து மறுபடி ஒருமுறை எரித்துப் பார்க்கலாம்.

ஜாரின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள், நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எல்லாவற்றையும் எழுதுங்கள். எரிக்கும் முன் ஜாரைத் தராசில் வைத்து எடை, திரியை 6 மி.மீ. உயரத்துக்கு வெட்டுதல், பற்றவைத்த நேரம். நான்கு மணி நேரம் எரியவிட்டு அணையுங்கள். ஒவ்வொரு மணிக்கும் குளத்தின் அகலத்தையும், சுடரின் உயரத்தையும், கண்ணாடியில் கரி படிந்ததா என்பதையும் குறியுங்கள். முழுவதும் ஆறியதும் மறுபடி எடை. நான்கு மணி நேரத்தில் 18 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 4.5 கிராம். இந்த அளவு ஜாரில் 4 முதல் 5 கிராமுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. 6ஐத் தாண்டினால் கண்ணுக்கு அழகாக எரிந்தாலும் திரி பெரிது என்று சந்தேகப்படுவேன். மறுநாள் திரியை வெட்டி, அடுத்த நான்கு மணி நேரம். எடைக்கு ஒரு சமையலறைத் தராசு போதும். சூடு பார்க்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது.

முதல் முறை எரிக்கும்போதே குளம் ஓரத்தைத் தொட்டு, முழு வட்டமாக, தெளிவாக நின்றால் மனசு நிறைந்துபோகும். "இதுதான் திரி" என்று முடிவு செய்துவிடுவோம். நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். முதல் வருடம், உறவுக்காரர் ஒருவரின் புதுமனைப் புகுவிழாவுக்கு நான்கு ஜார் கொடுத்தேன். ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு ஜாரை, அதுவும் முதல் இரண்டு மணி நேரம் மட்டும் எரித்துப் பார்த்திருந்தேன். சில வாரம் கழித்து அவர் வீட்டில், மெழுகு அடிவரை இறங்கியிருந்த ஒரு நாள், ஜாரின் அடிப்பகுதி கண்ணாடி விரிசல் விட்டு, உருகிய மெழுகு மர அலமாரி முழுக்க ஓடிவிட்டது. சுடர் உடனே அணைந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்பை நான் மறக்கவில்லை.

காரணம் எளிதானது. ஜார் நிறைய மெழுகு இருக்கும்போது சுடர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, சூடு வெளியே போய்விடுகிறது, அடியில் உள்ள மெழுகும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பாதிக்குக் கீழே போனபின் சுடரைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் நிற்கிறது. சூடு உள்ளேயே சுழல்கிறது, காற்று குறைகிறது, உருக வேண்டிய மெழுகும் கொஞ்சம்தான் மிச்சம். அதே திரி இப்போது பெரிய திரி போல நடந்துகொள்கிறது. ஆகவே மேல் பகுதியில் கச்சிதமாக எரியும் திரி, அடிப் பகுதியில் அதிகப்படியாகச் சுடும். சோயாவில் முதல் முறையும் இரண்டாம் முறையும் ஓரத்தில் அரை செ.மீ. மெழுகு தங்கினால் நான் கவலைப்படுவதில்லை. பாதியைத் தாண்டும்போது ஜார் சூடாகி, தங்கிய மெழுகு தானே உருகி இறங்கிவிடும். உங்கள் மெல்லிய திரி ஜார்களையும் முதல் குழியைப் பார்த்ததும் ஒதுக்கியிருப்பீர்கள். அவற்றில் ஒன்றை எடுத்து இன்னும் மூன்று முறை எரித்துவிட்டுச் சொல்லுங்கள். குழி விரிந்து ஓரம் இறங்கி வந்தால் அதுவே உங்கள் திரியாக இருக்கலாம். ஒரு விரல் தடிமன் சுவர் அப்படியே நின்றால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

ஆக, 150 கிராம் ஜாரை ஏழு, எட்டு முறை எரிக்க வேண்டிவரும். கடைசி மூன்று முறை கூடவே உட்காருங்கள். குளத்தின் ஆழம் 6 முதல் 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சுடர் இரண்டரை செ.மீ.க்குள் நிற்க வேண்டும். சுடர் துள்ளிக்கொண்டே இருந்தால் காற்றுக்குத் தவிக்கிறது என்று பொருள். கண்ணாடியின் வெளிப்புறம் 60 டிகிரியைத் தாண்டினால் அந்தத் திரியை நான் கைவிடுவேன், அது மேலே எவ்வளவு அழகாக எரிந்திருந்தாலும் சரி. 12 மி.மீ. மெழுகு மிச்சமிருக்கும்போது நிறுத்தச் சொல்லி அடியில் சீட்டு ஒட்டுவோம், ஆனால் வாங்கியவர் நிறுத்துவார் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் சோதனை ஜாரைத் தானே அணையும்வரை, கண் எடுக்காமல், பார்த்துக்கொண்டே எரிப்பேன். திரியை ஜாரின் அடியில் பிடித்து நிறுத்தும் அடித்தகட்டில் கழுத்து உயரமாக உள்ள வகையை வாங்குங்கள். மெழுகு அந்தக் கழுத்துக்குக் கீழே இறங்கியதும் திரிக்கு எரிபொருள் கிடைக்காமல் சுடர் அணைந்துவிடும், கண்ணாடியின் அடி தப்பிக்கும். சில ரூபாய் வித்தியாசம்தான், கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

ஜாரையும் பாருங்கள். தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளர், ஊறுகாய் பாட்டில் இவையெல்லாம் ஒரே பக்கச் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்தவை இல்லை. வாய் குறுகிய பாட்டில் இன்னும் மோசம். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் தடித்த ஜாராக எடுங்கள். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியவை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் சிரட்டை எரியக்கூடிய பொருள். சுடர் ஓரத்துக்கு ஒதுங்கிய ஒரு நாளில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கென்று இரண்டு சோதனைகளை நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் "காற்றோட்டம் இல்லாத அறையில் எரியுங்கள்" என்று இருக்கும். சோதனைக்கு அது சரி, ஃபேன் ஓடினால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் கறுக்கும், திரியைத் தப்பாகக் குறை சொல்வோம். ஆனால் மதுரையிலோ திருச்சியிலோ ஃபேன் போடாமல் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? ஃபேனை நிறுத்தித் தேர்வான திரியை, ஒரு ஜாரில் மட்டும், ஃபேனை ஒன்றில் வைத்து மறுபடி முழுதாக எரித்துப் பாருங்கள். இரண்டிலும் தாங்குகிற திரிதான் கொடுக்கத் தகுந்தது.

இரண்டாவது, பருவம். மார்கழியில் 24 டிகிரி அறையில் கச்சிதமாக இருந்த திரி, கத்திரி வெயிலில் 36 டிகிரி அறையில் ஒரு எண் பெரிதானது போல எரியும், மெழுகு ஏற்கெனவே பாதி இளகி நிற்கிறது அல்லவா. தீபாவளிச் சமயத்தில் இந்தக் கவலை குறைவு. பொங்கலுக்குப் பின்னும் இதையே செய்து விற்க நினைத்தால் ஏப்ரலில் மறுபடி சோதியுங்கள். வெயில் காலத்தில் பார்சல் வண்டிக்குள் இருக்கும் சூட்டுக்கு 46 டிகிரியில் உருகும் சோயா தாங்காது, எண்ணெய் வியர்த்து மேலே நிற்கும். அப்போது உருகுநிலை கூடிய மெழுகு கொஞ்சம் கலக்க வேண்டும். கலந்தால் திரிச் சோதனையும் முதலிலிருந்துதான். புது மூட்டை மெழுகு வந்தாலும் ஒரு ஜாராவது எரித்துப் பாருங்கள். ஒரே பெயரில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு மூட்டைகள் எனக்கு வேறு வேறு மாதிரி எரிந்திருக்கின்றன. அந்த மாதம் ஊற்றிய இருபது ஜாரையும் திரும்ப உருக்கினேன்.

வாசனையை நீங்களே சோதிக்காதீர்கள். காலை முழுவதும் எண்ணெய் அளந்த மூக்குக்கு மாலையில் எதுவும் தெரியாது. பத்துக்குப் பத்து அறையில் ஜாரை ஏற்றி, கதவை மூடி, ஒரு மணி நேரம் கழித்து வீட்டில் வேறு யாரையாவது வெளியிலிருந்து உள்ளே வரச் சொல்லுங்கள். என்ன வாசனை என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். "மல்லிகை" என்று கேட்காமலே சொன்னால் தேர்வு. "ஏதோ வருது" என்றால் பாதி. எங்கள் வீட்டில் இதற்கு எங்கள் அம்மாதான். பூக்கடை மல்லிக்கும் பாட்டில் மல்லிக்கும் வித்தியாசம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எரிக்காமல் மூடியைத் திறந்து முகர்ந்தால் வரும் மணம் வேறு, எரியும்போது வரும் மணம் வேறு. முதலாவது பிரமாதமாக இருந்து இரண்டாவது ஒன்றுமே இல்லாத எண்ணெய்கள் உண்டு. மல்லிகையில் அப்படி நிறைய நடக்கும், சீக்கிரம் ஆவியாகும் லேசான பொருள்கள் அதில் அதிகம். அதனால் ஒரு மல்லிகை எண்ணெய் சரிவரவில்லை என்றால் வேறு கடையின் மல்லிகையைச் சோதியுங்கள், மெழுகைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடாதீர்கள். திரியைப் பெரிதாக்கி, எண்ணெயையும் குறைத்து, நன்றாக வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாசனைக்கு மறுபடி இருட்டில் தடவ வேண்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. மெழுகை நேரடியாக கேஸ் அடுப்பில் வைக்காதீர்கள், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை அறை முழுக்க வீசிவிடும். அடுப்பை அணைத்து, தட்டையோ மூடியையோ போட்டு மூடுங்கள். அதற்கான மூடி கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். சோதனை ஜார்களை எவர்சில்வர் தாம்பாளத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் விட்டு, திரைச்சீலைக்குத் தள்ளி வையுங்கள். மிச்ச மெழுகை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பழைய செய்தித்தாளில் ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இனி உங்கள் கணக்கு. நான்கு ஜார் சோதனைக்கு ஊற்ற ஒரு நாள், க்யூரிங் 14 நாள், எரித்துப் பார்க்க 8 நாள், தேர்வான திரியோடு பரிசு ஜார்கள் ஊற்ற ஒரு நாள், அவற்றுக்கு மறுபடி 14 நாள். மொத்தம் 38 நாள். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் இந்த முறை ஜாருக்கான பாரஃபின் கலவைக்கு மாறுங்கள், இரண்டு க்யூரிங்குக்கும் சேர்த்து மூன்று வாரம் மிச்சமாகும். சோதிக்கும் நாட்களை மட்டும் குறைக்க வேண்டாம்.

இப்போது கையில் உள்ள பன்னிரண்டில் மெல்லிய திரி ஜார் ஒன்றையும் தடித்த திரி ஜார் ஒன்றையும் மேலே சொன்னபடி அடிவரை எரித்து எழுதிவையுங்கள், அவை இலவசப் பாடம். தண்ணீர்ச் சோதனையில் எண்ணெய் தேறினால் மற்ற பத்தையும் வெந்நீரில் நிறுத்தி, மெழுகு இளகியதும் திரியை உருவி எடுத்துவிட்டு, மெழுகை ஒரே பாத்திரத்தில் சேருங்கள். உருக்கியதில் மணம் கொஞ்சம் போயிருக்கும், அதைச் சோதனைக்கு எடுக்காமல் வீட்டு உபயோகத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். எண்ணெய் தேறாவிட்டால் அந்த மெழுகை மறுபடி எரிக்க வேண்டாம். ஜார்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் சொட்டுகூட இல்லாமல் காயவைத்து, புது மெழுகுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டத்தை அளந்ததும் அந்த அளவையும், கிடைத்த திரியின் பெயரையும் எழுதுங்கள். எந்த மூன்று திரியில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.